அமுதத்தின் வலைப்பங்கு

கண்ணையன் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான் என்ற சேதியை அமுதம் பாகூர்ச் சந்தையில் வைத்துத்தான் கேள்விப்பட்டாள். மீன்கூடையை இறக்கி வைத்துவிட்டு முந்தானையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தவளிடம் பக்கத்துக் கடை வெற்றிலைக்காரி கேட்டாள்.

"உன் வூட்டுக்காரன் கடலூர்ல பட்டாளத்துக்கு மாரளந்து குடுத்துட்டானாமே? எங்க ஓர்ப்படி புள்ளையும் போயிருந்தான். அவன உயரம் பத்தலன்னு தொரத்திட்டாங்க. உன் ஆளை எடுத்துக்கினாங்களாம்."

வலைக்கு நூல் வாங்கப் போவதாகச் சொல்லித்தான் அவன் கடலூர் போயிருந்தான். அன்று சாயங்காலம் வந்து, சோறு தின்று, கை கழுவின பிறகு வாயைத் திறந்தான்.

"பெங்களூருக்குப் போவணும். சாப்பர் பட்டாளமாம். ஆத்துல மெதவை போட்டுப் பாலம் கட்டற வேல. தண்ணியில பழகினவன் வேணும்னு கேட்டாங்க."

"என்ன ஒரு வார்த்த கேட்டியா?"

"கேட்டா வேணாம்னுவ."

நூலும் வாங்கி வந்திருக்கவில்லை.

பாகூருக்குக் கிழக்கே கடலோரத்தில், சவுக்குத் தோப்பைத் தாண்டி இருந்தது அவர்கள் குப்பம். பிரெஞ்சுக்காரன் கொடி இறங்கிய வருஷம்தான் அமுதத்துக்குக் கல்யாணம் நடந்தது. கண்ணையனுக்குத் தகப்பன் இல்லை. சின்ன வயதிலேயே கடல் கொண்டுபோய்விட்டது. அண்ணன் ஆதிமூலம்தான் தம்பியைத் தோளில் போட்டு வளர்த்தான். கட்டுமரம் தகப்பன் விட்டுப்போனது. ஆனால் வலை அப்படியில்லை. பழைய வலை நைந்துபோன பிறகு, அமுதம் கூடை சுமந்து வந்த காசில் கொஞ்சம் கொஞ்சமாகப் பருத்தி நூல் வாங்கி, புருஷனும் பெண்சாதியுமாக உட்கார்ந்து பின்னியது அது. ஒரு துண்டு முடிந்ததும் மரப்பட்டைச் சாயத்தில் வேகவைத்துக் காயப்போட்டு, ஏற்கெனவே இருந்த துண்டோடு சேர்த்துக் கட்டுவார்கள். மகள் கஸ்தூரி வயிற்றில் இருந்த மாதங்களிலும் அவள் கையில் வலை ஊசி இருந்தது. இப்போது அந்த வலையில் பெரும்பாதி அவர்களுடையது. மிச்சம் ஆதிமூலத்துடையது.

கரைக்கு வரும் மீனை அங்கே பங்கு பிரிப்பார்கள். மரத்துக்கு ஒரு பங்கு, வலைக்கு ஒரு பங்கு, கடலுக்குப் போன ஆளுக்கு ஒரு பங்கு. ஆள் போய்விட்டால் ஆள் பங்கு போய்விடும், அது நியாயம். ஆனால் கண்ணையன் பெங்களூரில் இருந்தாலும் வலை தினமும் கடலுக்குப் போய்க்கொண்டுதானே இருக்கிறது? அந்தப் பங்கு யாருக்கு? பயிற்சிக்குப் போயிருந்த காலத்தில் ஆதிமூலம் ஏதோ கொடுத்தான், ஏதோ கொடுக்கவில்லை. எப்படியும் திரும்பி வரப்போகிறவன் என்று அமுதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள்.

பொங்கல் கழிந்து அவன் லீவில் வந்தான். கறுப்பு டிரங்குப் பெட்டி, பூட்ஸ், ஒட்ட வெட்டிய தலை. இந்த லீவு முடிந்ததும் நேராக எல்லைக்கு என்றான். அஸ்ஸாமுக்கும் மேலே மலைக்காடாம், நேபா என்று பேராம். அவன் கம்பெனிக்கு அதுதான் முதல் முறை.

"எப்ப வருவ?"

"அது அவங்க வுடறப்ப."

ஊர் அவனைத் தூக்கி வைத்துக்கொண்டது. பிரெஞ்சுக்காரன் காலத்தில் சைகோனுக்குப் போன சொல்தாக்களை, அவன் பட்டாளத்துச் சிப்பாய்களை, அந்தக் கரை பார்த்திருக்கிறது. இந்தியாப் பட்டாளத்துக்குப் போகும் முதல் ஆள் இவன்தான். வீட்டுக்கு வீடு விருந்து. பூட்ஸைப் போட்டுக்கொண்டு மணலில் நடந்து காட்டச் சொல்வார்கள். கால் புதைந்து அவன் தடுமாறினால் எல்லோரும் சிரிப்பார்கள், அவனும் சிரிப்பான். பெண்கள் அவனுக்குப் பொட்டுக்கடலை மாவும் கருவாட்டுப் பொடியும் இடித்து மூட்டை கட்டினார்கள். அவன் எதை எடுத்துப் போவது என்பதே ஊர்ப்பேச்சு. எதை விட்டுப் போகிறான் என்று கேட்க யாருமில்லை.

ஒருத்தியைத் தவிர. பக்கத்துக் குடிசையில் சிந்தாமணி இருந்தாள். அவள் புருஷன் சொல்தாவாகச் சைகோன் போனவன். அங்கேயே ஒருத்தியைச் சேர்த்துக்கொண்டு தங்கிவிட்டான் என்பார்கள், செத்துவிட்டான் என்பார்கள். அவன் கப்பலேறின மறு வருஷம் மச்சினன்மார் அவளை வீட்டை விட்டு வெளியே தள்ளியிருந்தார்கள்.

"வெறக கட்டி வெச்சியா, கூர மேஞ்சியான்னு பாக்கறது பெருசில்லடி," என்றாள் சிந்தாமணி. "ஊரு கூடற எடத்துல அவன் வாயத் தொறந்து சொல்லணும். வலை என் பொண்டாட்டியோடதுன்னு. எங்காளு எங்கிட்ட எல்லாத்தையும் சொன்னான், பாய்ல படுத்துக்கினு. அது எவன் காதுல வுழுந்துச்சி?"

குப்பத்தில் ஊர்க்கூட்டத்தில் பெண்கள் பேச வழக்கமில்லை. தள்ளி நின்று கேட்கலாம். பேச வேண்டுமானால் அவளுக்காக ஓர் ஆண் பேச வேண்டும். அமுதத்துக்கு இருந்த ஆண் கண்ணையன் ஒருவன்தான்.

அன்றிலிருந்து அவள் அவனைத் தயார்ப்படுத்தத் தொடங்கினாள். கூரை வேயச் சொன்னாள், வேய்ந்தான். அடுப்புக்குச் சவுக்குக் கட்டை பிளந்து அடுக்கச் சொன்னாள், அடுக்கினான். குடிசையின் மேற்குப் பக்கம் மண் சரிந்திருந்ததை அவனே குழைத்துப் பூசினான். கஸ்தூரியை முதுகில் ஏற்றிக்கொண்டு சலிக்காமல் வேலை செய்தான். அவன் கெட்டவன் என்று அவளால் சொல்லவே முடியாது. ஊர்க்கூட்டத்தில் சொல்ல வேண்டிய அந்த ஒரு பேச்சை எடுத்தால் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

"சொல்றேன் அமுதம். இப்ப இன்னா அவசரம்?"

"நீ போனப்புறம் நான் யாரக் கேக்கறது?"

"அண்ணன் இல்லாமப் பூடுவானா?"

"அவருகிட்டதானே கேக்க வேண்டியிருக்குது."

இன்னொரு நாள் அவள் வேறொன்று கேட்டாள். பட்டாளத்துச் சம்பளத்தில் வீட்டுக்கு என்று பிடித்து மணியார்டர் அனுப்புவார்களாமே, அது யார் பேருக்கு வரும்?

கண்ணையன் மண்வெட்டியைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "சேரும்போது கேட்டாங்க, வூட்டுல யாரு பேரு போடறதுன்னு. வாயில அண்ணன் பேருதான் வந்துச்சி."

"என் பேரு வரலையா?"

"வரல," என்றான். பொய் சொல்லவில்லை. அதுதான் அவளை அதிகமாகச் சுட்டது.

கிளம்புவதற்கு முதல் நாள் சாயங்காலம் மாரியம்மன் கோயில் முன்னால் ஊர் கூடியது. நாட்டார் சாமிநாதன் அவனுக்குத் துண்டு போர்த்தினார். குப்பத்தின் தலைவர் அவர். அவர் சொல்வதே அங்கே சட்டம். ஆதிமூலம் தம்பிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தான். பெண்கள் காய்ந்த வலைகளுக்குப் பின்னால் நின்றார்கள். மத்தியானம்தான் அமுதம் அவனை வீட்டில் நிற்க வைத்து அந்த வாக்கியத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்டிருந்தாள். பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ஒப்பித்தான். நன்றாகத்தான் ஒப்பித்தான்.

"கண்ணையா," என்றார் நாட்டார், "தூர தேசம் போற. ஊருக்கு எதனா சொல்லணும்னா சொல்லிட்டுப் போ."

அவன் எழுந்தான். பெண்கள் பக்கம் ஒருதரம் பார்த்தான். பிறகு அண்ணனைப் பார்த்தான்.

"எங்க நைனா செத்தப்ப எனக்கு வெவரம் தெரியாது. எங்கண்ணன்தான் எனக்கு நைனா. மரம், வலை, பொண்டாட்டி, புள்ள, எல்லாத்தையும் அவன் கையில வுட்டுட்டுப் போறேன். எனக்கு இன்னா கவல?"

ஆதிமூலம் வாய்விட்டு அழுதான். தம்பியைக் கட்டிக்கொண்டான். நாட்டாருக்கே கண் கலங்கிவிட்டது. கூட்டத்தில் மூக்குறிஞ்சாத ஆள் இல்லை. பெண்களில் ஒருத்தி அமுதத்தின் தோளைத் தட்டி, "என்னா பாசம் பாத்தியா," என்றாள். சிந்தாமணி மட்டும் அவள் மணிக்கட்டைப் பிடித்து இறுக்கினாள்.

வீட்டுக்கு வந்து அமுதம் கேட்டது ஒரே சொல். "ஏன்யா?"

"அண்ணன் மூஞ்சியப் பாத்தேன். வாய் வரல."

அவள் சண்டை போடவில்லை. அவனுடைய துணிகளை மடித்துப் பெட்டியில் வைத்தாள். கருவாட்டுப் பொடி சிந்தாமல் இருக்க மூட்டைக்கு இன்னொரு முடிச்சுப் போட்டாள். மலையில் குளிரும் என்று தன் கல்யாணத்துக்கு வந்த கம்பளியையும் உள்ளே வைத்தாள். அவன் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கோபம் அடங்கிவிட்டது என்று நினைத்திருக்கலாம்.

காலையில் மேளத்தோடு ஊரே கிருமாம்பாக்கம் பஸ்சுக்குக் கிளம்பியது. ஆதிமூலம் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டான். அமுதம் கஸ்தூரியைக் கண்ணையன் கையில் கொடுத்து வாங்கிக்கொண்டாள். "நீ வரல?" என்றான். "போய்ட்டு வா," என்றாள். மேளச் சத்தம் சவுக்குத் தோப்பைத் தாண்டும் வரை வாசலில் நின்றாள்.

அப்புறம் மீன் அரியும் கத்தியை எடுத்துக்கொண்டு, ஆதிமூலம் வீட்டுக்குப் பின்னால் வலை காய்ந்துகொண்டிருந்த இடத்துக்குப் போனாள். துண்டும் துண்டும் சேருகிற கட்டுகளைப் பார்த்துப் பார்த்து அறுத்தாள். தான் பின்னியது எது, ஆதிமூலத்துடையது எது என்று அவள் விரலுக்கே தெரியும். அவனுடையதில் ஒரு கண்ணிகூடப் பிரியாமல் அறுத்தாள். தினமும் கடலுக்குப் போகிற வலையைக் கத்தியால் தொடுவது அந்தக் கரையில் ஆணே செய்யத் துணியாத காரியம். தன் பங்கைச் சுருட்டி, இரண்டு நடையாகத் தலையில் தூக்கிக்கொண்டு போய்த் தங்கராசு வீட்டில் போட்டாள். தங்கராசு சிந்தாமணியின் தம்பி. மரம் வைத்திருந்தான், அவன் வலை முந்தின புயலில் போயிருந்தது.

"ஊரு இன்னா சொல்லும்க்கா?" என்று அவன் பின்வாங்கினான்.

"உன் வூட்டுல அடுப்பு எரியுதா?" என்று கேட்டாள் அமுதம். அவன் வலையைப் பிரித்துப் பார்க்க ஆரம்பித்தான்.

பஸ் ஏற்றிவிட்டு வந்த ஊர் கொதித்தது. புருஷன் ஊர் முன்னால் ஒப்படைத்துப் போன வலையை அவன் முதுகு மறைந்ததும் அறுத்தவள் என்று பேர் வந்தது. தங்கராசுவுக்குத் தெண்டம் போட்டார்கள். மீனாகக் கொடுத்துக் கழித்தான். கண்ணையன் திரும்பும் வரை வலை தங்கராசுவிடமே இருக்கட்டும் என்று விட்டார்கள். அமுதத்துக்கு வேறு தண்டனை. கரையில் ஏலம் நடக்கும்போது அவள் கூடைக்கு யாரும் மீன் கொடுக்கக்கூடாது. தங்கராசுவும் ஊருக்குப் பயந்து வலைப்பங்கைக் கையில் தரமாட்டான். சிந்தாமணி மூலமாகத்தான் அனுப்பினான், அதுவும் குறைத்து. விற்பதற்கு மீன் வாங்க அமுதம் விடியும் முன் கிளம்பித் தெற்கே முகத்துவாரம் தாண்டி அடுத்த குப்பத்துக்கு நடந்தாள். அங்கிருந்து பாகூர். வெயில் ஏறினால் ஒரு நாள் செலியமேடு வரைக்கும். தபால்காரர் மாதாமாதம் அவள் வாசலைத் தாண்டி ஆதிமூலம் வீட்டுக்குப் போவார். முதலில் அங்கிருந்து கொஞ்சம் அரிசி வந்தது. பிறகு அதுவும் நின்றது.

ஆடி மாதத்தில் தபால்காரர் தந்தி கொண்டுவந்தார். அதுவும் ஆதிமூலத்தின் பேருக்குத்தான். கிருமாம்பாக்கம் வாத்தியாரைப் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு வந்தான். மலையாற்றில் வெள்ளம் வந்து பாலத்தை அடித்துப் போய்விட்டது, கண்ணையனைக் காணவில்லை.

ஆதிமூலம் அவள் வாசலில் வந்து விழுந்து அழுதான். மாதக்கணக்காக முகம் பார்க்காதவர்கள் எல்லாம் வந்தார்கள். பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து மாரடித்தார்கள். அமுதம் அழவில்லை. காணவில்லை என்றால் செத்தான் என்று ஆகாது என்றாள். கருமாதி பேச்சு எடுத்தவர்களை வெளியே போகச் சொன்னாள்.

மூன்றாம் நாள் நாட்டார் வந்தார். கூட நாலு பெரியவர்கள்.

"ஆனது ஆச்சி," என்றார் நாட்டார். "பழச வுட்டுடு. இனிமே ஏலத்துல உன்ன யாரும் மறிக்க மாட்டாங்க. ஆதிமூலம் மரத்துலேர்ந்து உனக்குப் பங்கு வரும். தாலி அறுத்தவளுக்கு ஊரு பங்கு குடுக்கணும். அதான் நம்ம மொற."

அமுதம் தலையை நிமிர்த்தினாள். பெரியவர்கள் முன்னால் அவள் பேசியது அதுதான் முதல் தடவை.

"தாலி இருக்கறவளுக்கு?"

நாட்டார் தோளில் கிடந்த துண்டைச் சரிசெய்தார். வந்தவர்களில் ஒருவர் இருமினார். துக்கத்தில் பேசுகிறாள் என்று எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாளிலிருந்து பங்கு வந்தது. அவள் வாங்கிக்கொண்டாள். கழுத்தில் தாலியோடும் நெற்றியில் குங்குமத்தோடும் போய், விதவைக்கு உரிய மீனைக் கூடையில் வாங்கினாள். வாங்காமல் இருக்க முடியவில்லை. முகத்துவாரம் வரை நடந்து நடந்து காலில் வெடிப்பு புண்ணாகியிருந்தது, கஸ்தூரிக்கு விலா எலும்பு தெரிந்தது. அந்த மீனைக் குழம்பு வைத்துக் குழந்தைக்கு ஊட்டும்போது, புருஷனுடைய சாவைத்தான் பிசைந்து ஊட்டுகிறோம் என்று அவளுக்குத் தோன்றும். ஒரு நாள், கூடை நிறைந்து வீட்டுக்குத் திரும்பி வருகையில், இப்படியே இருந்துவிட்டால்கூட நல்லதோ என்று ஒரு நினைப்பு வந்தது. நடுவழியில் கூடையை இறக்கி வைத்துவிட்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். தந்தி வந்த நாளில் வராத அழுகை அப்போதுதான் வந்தது.

கார்த்திகையில் இன்னொரு தந்தி வந்தது. கண்ணையன் உயிரோடு இருக்கிறான். ஆற்றின் கீழ்ப்பக்கத்தில் கரை ஒதுங்கிக் கிடந்தவனை மலைச்சனங்கள் தூக்கிப்போய்ப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்கள், இப்போது பட்டாள ஆஸ்பத்திரியில் இருக்கிறான், கால் நசுங்கிவிட்டது.

மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். பெண்கள் அமுதத்துக்கு மஞ்சள் பூசிப் பூ வைத்தார்கள். சிந்தாமணிகூடச் சிரித்தாள். அமுதம் நெடுஞ்சாண்கிடையாகக் கோயிலில் விழுந்து கும்பிட்டாள். அந்தச் சந்தோஷம் நிஜம்தான். இரண்டு நாள் கழித்துக் கரையில் கூடையோடு போய் நின்றபோது, பங்கு பிரித்தவன் அவள் கூடையைத் தாண்டிப் போனான். அவள் நாட்டாரைப் பார்த்தாள்.

"உன் புருசன்தான் உசுரோட இருக்கானேம்மா," என்றார் அவர் கனிவாகவே. "அவன் வந்து சொல்லட்டும்."

மறுபடியும் முகத்துவாரம் தாண்டி நடந்தாள்.

சித்திரையில் கண்ணையன் வந்தான். கையில் கம்பு. வலது முழங்கால் மடங்கவில்லை, பாதம் ஒரு பக்கமாகத் திரும்பியிருந்தது. கட்டுமரத்தில் நிற்க முடியாத காலை வைத்துக்கொண்டு அந்தக் கரையில் ஓர் ஆண் செய்யக்கூடிய வேலை அதிகம் இல்லை. பட்டாளத்திலிருந்து பென்ஷன் வரும் என்றான். வருகிற வரை அமுதத்தின் கூடைதான் மூன்று வயிற்றையும் பார்த்தது. அவன் உட்கார்ந்து வலை தைத்தான். தங்கராசு கொண்டுவந்து போடும் துண்டுகளை, அவள் அறுத்து எடுத்துப் போன அதே துண்டுகளை, மடியில் போட்டுக் கிழிசல் பார்த்தான். ஏன் அறுத்தாய் என்று கேட்கவே இல்லை. அண்ணன் வீட்டுக்குப் போய் வருவான். அங்கே என்ன பேசினார்கள் என்று அவளும் கேட்கவில்லை.

ஒரு நாள் அவனே பேச்செடுத்தான். "மலையில கெடந்தப்ப அந்தச் சனங்க பேச்சு ஒண்ணும் புரியல. ராவும் பகலும் உன்னையே நெனச்சிக்கினு கெடந்தேன் அமுதம். அன்னிக்குச் சொல்லாம வந்துட்டோமேன்னு."

"உம்."

"இப்ப சொல்லப்போறேன். ஊரு கூடட்டும்."

"சொல்லு," என்றாள். அரிவாள்மணையில் மீன் செதிலைச் சீவிக்கொண்டிருந்தவள் நிமிரவில்லை.

ஆவணி பிறந்த சமயம். புதுச்சேரி முழுசாக இந்தியாவோடு சேர்ந்துவிட்டது, தாளில் மட்டும் பிரெஞ்சுக்காரனிடம் மிச்சமிருந்ததும் முடிந்துவிட்டது என்று பாகூர்க் கொம்யூன் ஊர்களில் எல்லாம் காகிதக் கொடி கட்டியிருந்தார்கள். கோயில் முன்னால் ஊர் கூடியது. எல்லையில் கால் கொடுத்து வந்தவன் என்று கண்ணையனை நாட்டாருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள். அவன் கம்பை ஊன்றி எழுந்தான்.

"என் வலைய என் பொண்டாட்டிக்கே வுட்டுடறேன். வலைப்பங்கு அவ கைக்கே போவட்டும். ஊரு சாட்சி."

நாட்டார் கை தட்டினார். ஊரே தட்டியது. ஆதிமூலம்கூடத் தம்பி முதுகில் தட்டிக் கொடுத்தான். அந்த வலை அண்ணன் கையை விட்டுப் போய் வருஷம் ஒன்றரை ஆகியிருந்தது. பொண்டாட்டிக்குத் தன் சொத்தை எழுதி வைக்கிற மனசு எவனுக்கு வரும் என்று பேசிக்கொண்டார்கள். வலைகளுக்குப் பின்னால் நின்ற அமுதத்தைப் பார்த்துக் கண்ணையன் சிரித்தான். அவள் இடுப்பில் இருந்த கஸ்தூரியை இன்னொரு பக்கம் மாற்றிக்கொண்டாள்.

அந்த வாரமே ஏலத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. தங்கராசு வலைப்பங்கை எல்லோரும் பார்க்க அவள் கூடையிலேயே போட்டான், முழுசாக. முகத்துவாரத்துக்கு நடக்க வேண்டியதில்லை. வெயில் ஏறுவதற்குள் பாகூர் போய்விட முடிந்தது.

சந்தையில் கூடையை இறக்கினாள். வழக்கமாக அவளிடம் சங்கரா மீன் வாங்கும் தையலம்மாள் என்ற நிலக்காரர் வீட்டு அம்மா குனிந்து, செவுளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டே சொன்னாள்.

"கேள்விப்பட்டேன். ஊரு முன்னாடி வலையத் தூக்கிப் பொண்டாட்டிக்குக் குடுத்தானாமே உன் வூட்டுக்காரன்? எங்க வூட்டுலயும் இருக்காரே, ஒரு வரப்பு என் பேருல உண்டா? நீ குடுத்து வெச்சவடி."

அமுதம் ஈ ஓட்டினாள்.

"மீனு வேணுமா, வேணாமா?"